வாலில்லாத ஹெலிகாப்டர்: வீட்டில் கட்டிப் பார்த்த கதையும் கணக்கும்

நாலாவது செமஸ்டர் லீவில், பாப்பிரெட்டிப்பட்டி வீட்டு மொட்டை மாடியில் என் முதல் ஹெலிகாப்டர் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. எழும்பியதோடு சரி. அடுத்த நொடியே பம்பரம் மாதிரி தன்னைத்தானே சுத்த ஆரம்பிச்சது. நான் த்ராட்டிலைக் குறைப்பதற்குள் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் மோதி, நாலு பிளேடில் மூணு போச்சு. கீழே இருந்து அம்மா "டேய், என்னடா உடைஞ்சது?" என்று கேட்டார். "ஒன்னுமில்லம்மா, பிளாஸ்டிக்" என்றேன். அந்தப் பிளாஸ்டிக்குக்கு ஒன்றரை மாத மெஸ் பில் அளவுக்குச் செலவாகியிருந்தது.

செலவைவிட என்னை அதிகம் உறுத்தியது வேறு. இரட்டை ரோட்டரில் ஒன்னு இந்தப் பக்கம் சுத்தும், இன்னொன்னு அந்தப் பக்கம் சுத்தும். ரெண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும், அதனால் உடல் திரும்பாது. இதைத்தானே படிச்சோம்? என்னிடம் இருந்தது ஒரே மாடல் மோட்டார் ரெண்டு, ஒரே பாக்கெட்டில் வந்த பிளேடு நாலு. கியர் பல் எண்ணிக்கையும் ஒன்றுதான். அப்புறம் ஏன் சுத்துச்சு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் மீதி லீவு போனது. இதே வேலையில் இறங்கப்போகும் ஜூனியர்களுக்கு அந்தப் பிளேடு செலவாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வால் எதுக்கு, அது இல்லாம எப்படி?

மோட்டார் ரோட்டரை ஒரு பக்கம் திருப்பினால், ரோட்டர் அந்த மோட்டார் பொருத்தியிருக்கும் உடலை எதிர்ப்பக்கம் திருப்பும். நியூட்டனின் மூன்றாம் விதி, அவ்வளவுதான். சாதாரண ஹெலிகாப்டரில் வாலில் இருக்கும் சின்ன ரோட்டர் பக்கவாட்டில் தள்ளி இந்த முறுக்கைத் தடுக்கும். மொத்த சக்தியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அதற்கே போய்விடும். அந்தச் சக்தி ஹெலிகாப்டரைத் தூக்க உதவுவதே இல்லை.

அதற்குப் பதிலாக ரெண்டு பெரிய ரோட்டர்களை எதிரெதிர் திசையில் சுத்த விடலாம். முன்னும் பின்னுமாக வைத்தால் சினூக். 2019 மார்ச்சில் சண்டிகரில் நம் விமானப்படையில் சேர்ந்ததே, அதுதான். ஒரே அச்சில் மேலும் கீழுமாக வைத்தால் கோஆக்ஸியல். நம் கடற்படையின் கமோவ் 28, கமோவ் 31 ரெண்டும் இந்த ரகம். கப்பலின் தளத்தில் இடம் குறைவு, நீட்டிக்கொண்டிருக்கும் வால் இல்லாதது அங்கே பெரிய வசதி.

வீட்டில் கட்ட எது லாயக்கு? என் தீர்ப்பு: முதலில் கோஆக்ஸியல்தான். சினூக் பார்க்க அழகு. ஆனால் அது இடது வலது திரும்ப வேண்டுமென்றால் முன் ரோட்டர் ஒரு பக்கமும் பின் ரோட்டர் மறுபக்கமும் சாய வேண்டும். ஆக ரெண்டுக்கும் தனித்தனி ஸ்வாஷ் பிளேட் வேண்டும். பிளேடுகள் ஒன்றின் வட்டத்துக்குள் இன்னொன்று நுழைவதால் ரெண்டையும் தண்டு போட்டு ஒரே தாளத்தில் பூட்டியாக வேண்டும். லீவில் முடிகிற வேலை இல்லை அது.

நம்ம ஐ.ஐ.டி. மெட்ராஸ்காரர் கட்டியது

கோஆக்ஸியல் என்றால் பொம்மைக் கடைச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு சின்ன விலகல். 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாய்க் கோளில் பறந்த நாசாவின் இன்ஜெனுவிட்டி ஒரு கோஆக்ஸியல் ஹெலிகாப்டர். எடை 1.8 கிலோ, ரோட்டரின் விட்டம் சுமார் 1.2 மீட்டர். அதன் தலைமைப் பொறியாளர் பாப் பலராம், 1980-இல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் மெக்கானிக்கல் முடித்தவர். செவ்வாயில் ஹெலிகாப்டர் பறக்க விடலாம் என்ற யோசனையைத் தொண்ணூறுகளிலேயே பிடித்துக்கொண்டு, பல வருஷம் காத்திருந்து செய்து காட்டினார். ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பியது 72 முறை பறந்தது. 2024 ஜனவரியில் இறங்கும்போது பிளேடு உடைந்து ஓய்ந்தது. பிளேடு உடைவது நமக்கு மட்டும் நடப்பதில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

இதை இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. அதன் ஆரம்ப மாதிரி ஒன்றை, செவ்வாயைப் போலவே காற்றை மெலிதாக்கிய கூடத்துக்குள் ஒரு ஆள் ஜாய்ஸ்டிக் வைத்து ஓட்டிப் பார்த்தார். அது கைக்கு அடங்கவில்லை. மெல்லிய காற்றில் பிளேடுகள் மேலும் கீழும் அடிப்பதை அடக்கும் தணிப்பு போதவில்லை. பிளேடையும் அதன் வேர்ப்பகுதியையும் மிக விறைப்பாக்கி, ஓட்டும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்த பிறகுதான் நிலையாகப் பறந்தது. தூக்குவிசை கிடைத்துவிட்டது என்பதாலேயே அது பறக்கும் என்று ஆகிவிடாது. நான் மொட்டை மாடியில் கற்றதும் இதேதான், கொஞ்சம் மலிவாக.

பொட்டலத்தில் இருக்கும் ரகசியம்: ஒரு தண்டுக்குள் இன்னொரு தண்டு

சின்ன கோஆக்ஸியலின் உள்ளமைப்பு இது. மேல் ரோட்டரைச் சுத்துவது உள்ளே போகும் மெல்லிய எஃகுத் தண்டு. கீழ் ரோட்டரைச் சுத்துவது அதைச் சூழ்ந்திருக்கும் குழாய். அடியில் ரெண்டு பெரிய கியர் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார். கீழ் ரோட்டருக்கு மட்டும் ஸ்வாஷ் பிளேட். அதை ரெண்டு சர்வோ சாய்க்கும், முன் பின், இடம் வலம் நகர அதுதான் வழி. மேல் ரோட்டருக்கு சர்வோ கிடையாது. அதற்குப் பதில் நுனியில் எடை வைத்த ஃபிளைபார் என்ற கம்பி இருக்கும்.

ஃபிளைபாரைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அது சுத்தும்போது ஒரு கைரோஸ்கோப். காற்று அடித்து உடல் சாய்ந்தாலும் அது தன் பழைய தளத்திலேயே கொஞ்ச நேரம் நிற்கும். அந்த வித்தியாசம் ஒரு சின்ன இணைப்புக் கம்பி வழியாக மேல் பிளேடுகளின் சாய்வை மாற்றும். சாய்ந்த உடலை மேல் ரோட்டர் பழைய நிலைக்கு இழுக்கும். ஒரு சென்சாரும் கோடும் இல்லாமல் நடக்கும் ஃபீட்பேக் இது. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் அரியர் வைத்த எனக்கு ஃபீட்பேக் என்றால் என்ன என்று புரிந்தது இந்தக் கம்பியைப் பார்த்த பிறகுதான்.

என் முதல் பெரிய தப்பு, அந்தத் தண்டையும் குழாயையும் நானே செய்யப் போனது. அலுமினியக் குழாய் வாங்கி, ரெண்டு முனையிலும் பேரிங் திணித்து, உள்ளே 3 மி.மீ. எஃகுக் கம்பி விட்டேன். கையால் சுத்தினால் வெண்ணெய் மாதிரி சுத்தியது. மோட்டார் போட்டதும் சட்டமே நடுங்கியது. ஊரில் ஒரு லேத் பட்டறை அண்ணனிடம் கொண்டு போனேன். அவர் டயல் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, கம்பி நேராத்தான் இருக்குது. பேரிங்கை ஒக்கார வெச்ச இடம்தான் கோணல். நடுவுல இல்லியே" என்றார். கண்ணுக்குத் தெரியாத கோணல்தான். ஆனால் அது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுத்தும்போது, நுனியில் இருக்கும் பிளேடு அந்தக் கோணலைப் பெருக்கிக் காட்டும். அதனால் என் அறிவுரை: தண்டு, குழாய், கியர், பேரிங் இந்த நாலையும் லாமா ரக ஹெலிகாப்டருக்கான உதிரி பாகமாக வாங்கிவிடுங்கள். சட்டம், லேண்டிங் கியர், உடல், எலக்ட்ரானிக்ஸ், கோடு எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிளேடைச் சமன் செய்வதில் மட்டும் சோம்பல் வேண்டாம். ஒரு ஜோடி பிளேடை எதிரெதிராகப் பொருத்தி, நடு ஓட்டையில் ஒரு ஊசி விட்டு, ஊசியின் ரெண்டு முனையையும் ரெண்டு டம்ளர் விளிம்பில் வையுங்கள். கனமான பக்கம் கீழே இறங்கும். லேசான பக்கத்தின் நுனியில் செல்லோ டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். ரெண்டும் படுக்கையாக நிற்கும்வரை டேப்பை வெட்டி வெட்டிப் பாருங்கள். ஒரே பாக்கெட் பிளேடுகள் ஒரே எடை என்று நம்பியது என் ரெண்டாவது தப்பு.

சரி, ஏன் சுத்துச்சு?

மேல் ரோட்டருக்கு அமைதியான காற்று கிடைக்கிறது. அது அந்தக் காற்றைக் கீழே தள்ளுகிறது. கீழ் ரோட்டர் ஏற்கெனவே கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் காற்றுக்குள் வேலை செய்கிறது. பிளேடின் சாய்வு ஒன்றாக இருந்தாலும், காற்று மேலிருந்து வருவதால் கீழ் பிளேடு உணரும் தாக்குகோணம் குறைந்துபோகிறது. ஆக, ஒரே பிளேடு, ஒரே சாய்வு, ஒரே வேகம் என்றால் ரெண்டின் முறுக்கும் ஒன்றாக இருக்காது. சமநிலை வேண்டுமென்றால் கீழ் ரோட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் சாய்வோ கூடுதல் வேகமோ கொடுக்க வேண்டும்.

"எதிரெதிராகச் சுத்தினால் சமன்" என்பது பாதி உண்மை. எதிரெதிராகச் சுத்தினால் சமன் செய்ய முடியும் என்பதே முழு உண்மை. சமன் செய்யும் வேலை நம்முடையது. வேண்டும்போது அந்தச் சமனைக் குலைப்பதும் நம் வேலைதான், ஹெலிகாப்டரை இடதோ வலதோ திருப்ப அதுதான் வழி.

எப்படிக் குலைப்பது என்பதில்தான் பொம்மைக்கும் கமோவுக்கும் வித்தியாசம். கமோவிலும் இன்ஜெனுவிட்டியிலும் ரோட்டர் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு ரோட்டரின் பிளேடு சாய்வைக் கூட்டி மற்றதைக் குறைப்பார்கள். இன்ஜெனுவிட்டியில் இதற்காக ரெண்டு ரோட்டருக்கும் தனித்தனி ஸ்வாஷ் பிளேட், மொத்தம் ஆறு சர்வோ. நம் மாடலில் பிளேடு சாய்வு நிலையானது, மாற்ற முடிவது மோட்டாரின் வேகம் மட்டுமே. ஆகக் கணக்கு சுலபம்: மேல் மோட்டாருக்கு த்ராட்டில் கூட்டல் திருப்பம், கீழ் மோட்டாருக்கு த்ராட்டில் கழித்தல் திருப்பம். ஒன்றில் கூட்டியதை மற்றதில் கழிப்பதால் உயரம் பெரிதாக மாறாது.

அந்தத் "திருப்பம்" என்ற எண்ணைக் கைரோ சென்சார் தர வேண்டும். நான் ஆர்டுயினோ நானோவும் எம்.பி.யூ. 6050 சென்சாரும் வைத்துச் செய்தேன். ரெடிமேடாக நாலு வேலையை ஒரே பலகையில் செய்யும் கண்ட்ரோலரும் உண்டு: ரிசீவர், கலப்பான், ரெண்டு மோட்டாருக்கான வேகக் கட்டுப்பாடு, கைரோ. அவற்றில் வழக்கமாக ரெண்டு சின்னத் திருகு இருக்கும். ஒன்று ரெண்டு மோட்டாருக்கும் இடையிலான விகிதத்தை மாற்றுவது, இன்னொன்று கைரோ எவ்வளவு பலமாகக் குறுக்கிட வேண்டும் என்பது. முதலில் விகிதம், பிறகு கைரோ. மாற்றிச் செய்தால், தப்பான விகிதத்தைக் கைரோ மூச்சுத் திணறத் திணறச் சரிக்கட்டிக்கொண்டிருக்கும். ஒரு மோட்டார் மட்டும் சூடாகும்.

இப்போது மொட்டை மாடி விபத்துக்கு வருவோம். விகிதம் தப்பு என்பது பாதிக் காரணம்தான். அதனால் மெதுவாகத் திரும்பியிருக்கும், பம்பரமாகச் சுத்தியிருக்காது. கோடில் நான் ஒரு கழித்தல் குறியை மறந்திருந்தேன். உடல் இடப்பக்கம் திரும்பினால் அதைத் தடுக்க வேண்டிய கைரோ, இன்னும் இடப்பக்கம் திருப்பச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு குறி!

இதைப் பிளேடு மாட்டாமலே கண்டுபிடித்திருக்கலாம். பிளேடைக் கழற்றிவிட்டு த்ராட்டிலைப் பாதியில் வையுங்கள். உடலைக் கையில் பிடித்து, மேலிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் சட்டென்று திருப்புங்கள். கடிகாரச் சுற்றில் சுத்துகிற தண்டு வேகம் எடுக்க வேண்டும், மற்றது குறைய வேண்டும். அதாவது உடலை எந்தப் பக்கம் திருப்பினோமோ, அதே பக்கம் சுத்துற ரோட்டர்தான் வேகம் பிடிக்கணும். அதன் எதிர்வினைதான் உடலை மறுபக்கம் இழுக்கும். கேட்க உல்டாவாகத் தோன்றும். ஒரு தாளில் அம்புக்குறி போட்டுப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

பத்து நிமிஷக் கணக்கு

என் ஹெலிகாப்டர் பேட்டரியோடு 220 கிராம், அதாவது 2.16 நியூட்டன். ரோட்டர் விட்டம் 34 செ.மீ., வட்டப் பரப்பு 0.091 சதுர மீட்டர். காற்றின் அடர்த்தி 1.225 என்று புத்தகம் சொல்லும். கடல்மட்டத்துக்கு மேலே இருக்கும் நம்ம ஊரின் சித்திரை வெயிலுக்கு 1.1 என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்தரத்தில் நிற்கும்போது ரோட்டர் காற்றைக் கீழே தள்ளும் வேகத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. எடையை எடுத்து, அடர்த்தி, பரப்பு ரெண்டையும் பெருக்கி இரட்டிப்பாக்கியதால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். போட்டால் நொடிக்கு 3.3 மீட்டர் வருகிறது. எடையை இந்த வேகத்தால் பெருக்கினால் 7.1 வாட். கனவு உலகத்தில் இவ்வளவு போதும். நிஜத்தில் சின்ன ரோட்டர் பாதித் திறன்தான் தரும், அப்போது 14 வாட். பிரஷ் மோட்டாரும் கியரும் சேர்ந்து இன்னொரு பாதியைத் தின்னும், 28 வாட். ரெண்டு செல் லிப்போ, 7.4 வோல்ட், 800 மில்லி ஆம்பியர் மணி என்றால் 5.9 வாட் மணி. அதில் 80 சதவீதம் மட்டும் பயன்படுத்தினால் பத்து நிமிஷம் வரும். எனக்குக் கிடைப்பது ஏழு. கோணல் சட்டத்தின் நடுக்கத்துக்கு மூணு நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதே ரெண்டு ரோட்டரை மேலும் கீழும் வைக்காமல் விலக்கி வைத்தால் ஒவ்வொன்றும் பாதி எடையைத் தூக்கும். கணக்கு 7.1-லிருந்து 5 வாட்டுக்கு இறங்கும். கோஆக்ஸியலின் சிறிய உருவத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது. ஆனால் கீழ் ரோட்டர் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் புதுக் காற்றையும் இழுத்துக்கொள்வதால், நடைமுறையில் இழப்பு அவ்வளவு மோசமில்லை, கால் பங்கை ஒட்டி வரும். செவ்வாய்க்கு இதே சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள்: ஈர்ப்பு 3.71, அடர்த்தி 0.017. 1.8 கிலோவுக்குக் கனவு உலகக் கணக்கே 87 வாட் வரும். எடை நம்முடையதைப் போல மூணு மடங்குதான், ஆனால் சக்தி பன்னிரண்டு மடங்கு. இன்ஜெனுவிட்டியின் பிளேடு ஏன் அவ்வளவு நீளம், ஏன் நிமிடத்துக்கு சுமார் 2,500 சுற்று என்பதெல்லாம் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

கையும் பேட்டரியும்

பிளேடு பிளாஸ்டிக்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். விரல் நகத்தைப் பிளக்கும், கண்ணில் பட்டால் சொல்லவே வேண்டாம். பரீட்சிக்கும்போது கண்ணாடி போடுங்கள், சின்னப் பசங்களை மாடிக்கு விடாதீர்கள். ட்ரான்ஸ்மிட்டரை முதலில் போடுங்கள், ஹெலிகாப்டர் பேட்டரியை அப்புறம் மாட்டுங்கள். அணைக்கும்போது தலைகீழ்.

லிப்போவை ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, 3.2-க்குக் கீழே இறக்கக் கூடாது. உப்பியது போனதுதான், அதைக் குத்திப் பார்க்க வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் மதிய வெயிலில் சார்ஜ் போடாதீர்கள், கட்டில் மேல் கண்டிப்பாக வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு பழைய மண்சட்டியில் மணல் போட்டு, அதன் மேல் வைத்துத்தான் சார்ஜ் ஏற்றுகிறேன். அந்தச் சட்டி எங்கே போச்சு என்று பாட்டி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

சட்டப்படி, 2021 டிரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ வகை. அதற்கு வகைச் சான்றிதழோ ஓட்டுநர் சான்றிதழோ கேட்பதில்லை. ஆனாலும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். எடையை 250-க்குள் வைக்க இது இன்னொரு காரணம்.

மறுபடியும் பறந்தது

ரெண்டாவது முயற்சிக்கு மொட்டை மாடி வேண்டாம் என்று முடிவு செய்தேன். நிலையான சாய்வு பிளேடு வைத்த கோஆக்ஸியல் காற்றோடு மல்லுக்கட்டாது. சேர்வராயன் மலைப் பக்கமிருந்து சாயங்காலம் வீசும் காற்றுக்கே அது வாழைத்தோப்பைப் பார்த்துப் போய்விடும். காற்று பலமாக அடித்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. மேல் பிளேடின் நுனி கீழிறங்கி, கீழ் பிளேடின் நுனி மேலேறி, ரெண்டும் உரசிக்கொள்ளும். அப்புறம் வாங்க வேண்டியது நாலு பிளேடு.

மாமாவின் மஞ்சள் குடோன் அறுவடைக்கு முன் காலியாக இருந்தது. தரையில் சாக்பீஸில் ஒரு மீட்டர் வட்டம் போட்டேன். முதல் ரெண்டு பேட்டரி முழுக்க விகிதத் திருகுக்கே போனது: கால் சுற்று திருப்பு, ஒரு சாண் எழுப்பு, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார், இறக்கு. ஆறாவது தடவை மூக்கு ஒரே பக்கம் பார்த்து நின்றது. அதன் பிறகு கைரோவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். வால் பக்கம் குளிரில் நடுங்குவது மாதிரி உதறத் தொடங்கிய இடத்திலிருந்து ஒரு படி குறைத்தேன்.

மூணாவது பேட்டரியில் என் மாமா பையன் ஃபோனில் நேரம் பிடித்தான். இடுப்பு உயரத்தில் 42 நொடி. இன்ஜெனுவிட்டியின் முதல் பறப்பு 39 நொடி என்பதை நான் அவனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அது எங்க, இது எங்க அண்ணா" என்றான். நியாயம்தான்.

ஒரு பிரச்சினை இன்னும் மிச்சம். அந்தரத்தில் நிற்கும்போது மெதுவாக இடப்பக்கம் நகர்கிறது. டிரிம் போட்டால் நிற்கிறது, பேட்டரி இறங்க இறங்க மறுபடி நகர்கிறது. பேட்டரியை 4 மி.மீ. வலப்பக்கம் தள்ளி வைத்ததில் பாதி சரியானது. மீதிப் பாதிக்கு இடது சர்வோவின் கையில் இருக்கும் ஆட்டம் மேல் எனக்குச் சந்தேகம். அடுத்த லீவுக்குப் போகும்போது புது சர்வோவோடு போகிறேன்.